முதுகு இல்லாத கேமராவுக்கு ஒரு சம்பந்தம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பெண்மணி பழைய தோல் பெட்டியை மூக்கருகே வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது நானாக இருக்கலாம். பூஞ்சை பிடித்த தோலுக்கு ஒரு வாசனை, பசை விட்டுப்போன தோலுக்கு ஒரு வாசனை, கரப்பான் குடியிருந்த தோலுக்கு ஒரு வாசனை. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்க பிசிக்ஸ் நடத்தியதில் கிடைக்காத மரியாதை இந்த மூக்கினால் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதாவது, ஏழே பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில்.

நான் சேர்ப்பது மடக்கும் பிளேட் கேமராக்கள். ஃபிலிம் சுருள் பரவலாவதற்கு முன்பு கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த காலத்துச் சாமான். மூடியிருக்கும்போது தடித்த டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்து கீழே சாய்த்தால் அதுவே தரையாகிவிடும். அதிலுள்ள தண்டவாளத்தின் மேல் லென்ஸை முன்னால் இழுத்தால், ஆர்மோனிய மடிப்பு போல ஒரு பெல்லோஸ் பின்னாலேயே விரிந்துகொண்டு வரும். பெட்டியின் முதுகில் ஒரு சட்டம். அதில் பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி மங்கல் கண்ணாடி. எதிரில் இருப்பது அதில் தலைகீழாகத் தெரியும். அந்த முதுகு இல்லையென்றால் கேமராவுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை.

இந்தப் பைத்தியம் பள்ளிக்கூட லேபில் பிடித்தது. உடைந்த சாமான்களைக் கழித்துவிடப் பட்டியல் எழுதச் சொன்னார்கள். பீரோவின் அடியில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியை 'பயனற்றது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அதைத் திறந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு தப்பாக எதற்கும் மார்க் போட்டதில்லை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று பீரோவில் என் வீட்டுக்காரரின் சட்டைகள் இருந்த தட்டில் பதினோரு கேமராக்கள் இருக்கின்றன. சட்டைகள் எங்கே போயின என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

இவற்றை அடையாளம் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மேலே பெயர் இருந்தால் அது செய்தவன் பெயர் என்று நம்பக் கூடாது. விற்ற கடைக்காரன் தன் பெயரை அடித்திருப்பான். லென்ஸ் ஒரு கம்பெனி, ஷட்டர் இன்னொரு கம்பெனி, பெட்டி மூன்றாவது கம்பெனி. அதனால் பெயரை விட்டுவிட்டு அங்க அடையாளம் பார்க்க வேண்டும். தாழ்ப்பாள் எப்படி விழுகிறது, தண்டவாளம் ஒற்றை இழுப்பா இரட்டை இழுப்பா, ஸ்டாண்டு மாட்டும் துளை பெரிதா சிறிதா, தூரம் அடியில் பொறித்திருக்கிறதா மீட்டரிலா. முக்கியமாக, முதுகு வந்து சொருகிக்கொள்கிற பள்ளம் எவ்வளவு அகலம். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் பள்ளத்தை ஒரு மயிரிழை மாற்றி வைத்திருக்கிறான். ஒருவன் முதுகு இன்னொருவன் பெட்டிக்குள் போகாது.

ரிட்டையரான வருடம் பல்லாவரம் சந்தையில், மிக்ஸி ஜாடிகளுக்கும் டியூப்லைட் சோக்குகளுக்கும் நடுவே, அதைப் பார்த்தேன். இரட்டை இழுப்பு. தோல் கிழியவில்லை. உள்ளே, பெல்லோஸுக்கு அடியில், நாலு இலக்க எண். நான் அதுவரை எங்குமே பார்த்திராத தாழ்ப்பாள். ஆனால் முதுகு இல்லை. மோந்து பார்த்தேன்.

"இன்னாம்மா, கருவாடா அது? மோந்துகினே கீற?" என்றார் கடைக்காரர்.

"இதோட பின்னாடி ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்திருக்குமே, அது எங்கப்பா?"

"அத்த போன வாரமே ஒரு பெர்சு எத்துகினு போச்சு. பொட்டியும் சேத்து எடு நைனான்னேன். நாத்தம் அடிக்குதுன்னு வெச்சுட்டுப் போய்ட்டாரு."

நாற்றமாம்! அது கரப்பான் வாசனை, பத்து நாள் வெயிலில் போய்விடும். இது கூடத் தெரியாத ஒருவர் என் கேமராவின் முதுகைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். தாம்பரம் வரைக்கும் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் வந்தேன்.

ஆள் இரண்டு மாதத்தில் தானாகவே அகப்பட்டார். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு மங்கல் கண்ணாடிச் சட்டத்தின் படத்தைப் போட்டு, இது எந்தக் கேமராவுடையது என்று கேட்டிருந்தார். சட்டத்தின் ஓரத்தில் அதே நாலு இலக்க எண். உடனே போன் செய்தேன்.

"சார், உங்ககிட்ட இருக்கிற முதுகு என்னுடையது."

அவர் நிதானமாகச் சொன்னார். "இல்லம்மா. உங்ககிட்ட இருக்கிற பெட்டிதான் என்னுடையது."

இப்படித்தான் கோவிலம்பாக்கத்துக்காரர் எனக்கு அறிமுகமானார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீந்துபோன எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி இந்தக் கேமராக்களில் போட்டுப் படம் எடுப்பார். படங்களில் எல்லோரும் செத்துப் பிழைத்தவர்கள் மாதிரி இருப்பார்கள். நான் பெட்டியை விற்கமாட்டேன் என்றேன். அவர் முதுகை விற்கமாட்டேன் என்றார். மாற்றாக ஒரு லென்ஸ் தருவதாகச் சொன்னேன். அவர் மொட்டை மாடியில் காய்த்த கத்தரிக்காய் தருவதாகச் சொன்னார். படம் விழுவது முதுகில்தான், அதனால் முதுகு வைத்திருப்பவனே கேமராவுக்குச் சொந்தக்காரன் என்பது அவர் கட்சி. தலை என் வீட்டில் இருக்கும்போது முதுகுக்கு என்ன பேச்சு என்பது என் கட்சி.

அது எந்த ஊர்க் கேமரா என்பதிலும் சண்டை. ஸ்டாண்டு துளை சின்னது, தூரம் அடியில் இருக்கிறது, ஆகவே இங்கிலாந்து என்றேன். முதுகின் ஓரம் ஜெர்மன்காரன் கைவேலை, அடிக்கணக்கு ஏற்றுமதிக்காகப் போட்டது என்றார். "வாங்கறவர் அளவுக்குச் சட்டை தெச்சா, தையல்காரர் ஊர் மாறிடுமா டீச்சர்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பதிலோடு கூப்பிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு அவர் கூப்பிட்டார். இப்படி ஒன்றரை வருடம். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் காபி கூடக் கேட்பதில்லை.

இந்த வைகாசியில் ஒரு நாள் போனை அவர் மனைவி எடுத்தார். அவரும் என் வீட்டுக்காரரும், நாங்கள் சண்டை போட்டு முடிக்கக் காத்திருந்து காத்திருந்து, போனிலேயே தனியாகச் சிநேகமாகிவிட்டவர்கள். விஷயம் இதுதான்: வீட்டைக் காலி செய்துவிட்டு ஆனியில் பூனாவில் இருக்கும் மகளிடம் போய்விடுகிறார்கள். மகள் வீடு சின்னது. சேர்த்து வைத்த சாமானில் ஒன்றே ஒன்றுதான் கொண்டுவரலாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இவர் எதை எடுத்துக்கிட்டிருக்கார் தெரியுமா? அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத்தான்" என்றார் அந்த அம்மாள்.

முதுகு பூனாவுக்குப் போய்விட்டால் என் பெட்டி ஆயுளுக்கும் குருடு. அது எந்தக் கேமரா என்பதும் தெரியாமலே போய்விடும்.

வழி சொன்னவர் என் வீட்டுக்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார். "விக்கவும் மாட்டீங்க, மாத்திக்கவும் மாட்டீங்க. பேசாம சம்பந்தம் பண்ணிடுங்களேன்."

இதை அந்த அம்மாள் தன் கணவரிடம் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். மறு ஞாயிறு போனில், "விக்கறதுதான் தப்பு டீச்சர். முறைப்படி வந்து, பேசி, கொடுத்து வாங்கறது தப்பில்ல. நாங்க வரட்டுமா, நீங்க வரீங்களா?" என்றார்.

இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். கோவிலம்பாக்கம் வரைக்கும் மேடவாக்கம் நெரிசலில் பெல்லோஸை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போவது என்னால் ஆகாது. "நான் எதுக்கு வரணும்? நீங்க வாங்க" என்றேன் கெத்தாக.

"அப்ப நாங்களே வர்றோம்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கேசரி கிளறி இறக்கிவிட்டு வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால் வேறு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று தட்டுகளைப் பார்த்தார்.

"கேசரி, பஜ்ஜி. அவங்க வர்றாங்க. நாம காத்துக்கிட்டிருக்கோம். அப்ப நாமதான் பொண்ணு வீடா?"

கரண்டி அப்படியே நின்றது. பெண் வீடு என்றால் பெண்ணைக் கொடுக்கிற வீடு. என் கையால் பஜ்ஜி போட்டு, என் கேமராவை நானே தாரை வார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பஜ்ஜியை ஒளித்துவிட்டு வெறும் பிஸ்கட் வைக்கலாமா என்று யோசிப்பதற்குள் காலிங்பெல் அடித்தது.

அவரை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். போனில் கேட்ட குரலுக்கு ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். பட்டுக்கரை வேட்டி. அவர் மனைவி கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், மல்லிகைப்பூ. நடுவில், ரவிக்கைத் துணியில் சுற்றி, முதுகு. என் வீட்டுக்காரர் சம்பந்தி வரவேற்பது போல 'வாங்கோ வாங்கோ' என்று முன்னே ஓடினார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கோவிலம்பாக்கத்துக்காரர் நாலு பஜ்ஜி சாப்பிட்டார். கேசரியில் முந்திரி தாராளம் என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "பொண்ண வரச்சொல்லுங்க" என்றார்.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். முதலில் மோந்து பார்த்தார். "நாத்தம் போயிடுச்சே" என்றார். இதற்கே நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெல்லோஸ்ல ஓட்டை இருக்கான்னு பாக்கணும். இருட்டு ரூம் இருக்கா?" என்றார் அவர் கணவர்.

இருட்டான இடம் எங்கள் வீட்டில் பூஜை அறைதான். அங்கே போர்வை ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்தோம். பெல்லோஸுக்குள் டார்ச் வைத்தோம். வெளியே வெளிச்சம் கசிந்தால் ஓட்டை. கீழ்வீட்டுப் பெண் சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், போர்வைக்குள்ளிருந்து "இங்க ஒண்ணு, இதோ இங்க ஒண்ணு" என்று ஆண்குரல் வருவதைக் கேட்டாள். கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்றுவரை அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

"மூணு ஓட்டை" என்றார் அவர். "இன்னும் இழுங்க. ரெண்டாவது இழுப்பு."

நான் அதுவரை அதை முழுசாக இழுத்ததே இல்லை. கிழிந்துவிடும் என்று பயம். அவர் கைதான் இழுத்தது, பஞ்சை இழுக்கிற மாதிரி. கடைசி மடிப்பு விரிந்ததும் உள்ளே தாள் ஒன்று தெரிந்தது. கம்பெனிக்காரன் சீட்டு! இங்கிலாந்தா ஜெர்மனியா, இதோ தெரிந்துவிடும் என்று இருவரும் ஒரே சமயத்தில் குனிந்து தலையை முட்டிக்கொண்டோம்.

அது தினசரிக் காலண்டர் தாள். பழுப்பேறிய தமிழ் எழுத்து. யாரோ நம் ஊர் ஆள் என்றைக்கோ ஓட்டையை அடைக்க ஒட்டியிருக்கிறார். கோவிலம்பாக்கத்துக்காரர் டார்ச்சை நெருக்கிப் பிடித்து உரக்கப் படித்தார். "ஞாயிறு. சூலம் மேற்கு. பரிகாரம் வெல்லம்."

"பூனா மேற்கதானே?" என்றார் வெளியிலிருந்து அவர் மனைவி, கவலையாக.

முதுகைப் பொருத்துகிற நேரம் வந்தது. கூடத்து மேஜையில் கேமராவை பால்கனிப் பக்கம் திருப்பி வைத்தோம். அவர் சட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து, பள்ளத்தின் வாயில் வைத்து, பழக்க தோஷத்தில், "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க" என்றார். நாலு பேரும் பிடித்துக்கொண்டோம். சட்டம் இழைந்து இறங்கியது. கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் 'விடுங்க' என்று சொல்ல மறந்துவிட்டார். என் வீட்டுக்காரர் முகம் சிவந்து தானாகவே விட்டார்.

போர்வைக்குள் தலையை நுழைத்தேன். எதிர்வீட்டு மொட்டை மாடி தலைகீழாகத் தொங்கியது. கொடியில் காய்ந்த நைட்டிகள் மேல்நோக்கி ஆடின. தண்ணீர் லாரி ஒன்று கூரையில் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போனது. ஒன்றரை வருடம் இதற்காகத்தான் சண்டை போட்டேன். சொன்னால் வெட்கக்கேடு, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

கிளம்பும் நேரத்தில் முதுகைக் கழற்றப் பார்த்தோம். வரவில்லை. அவர் இழுத்தார், நான் இழுத்தேன், என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து திட்டு வாங்கினார். இத்தனை நாள் பிரிந்திருந்தது இனிமேல் பிரிகிற உத்தேசத்தில் இல்லை. ஆக, எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும், விட்டால் முழுசாக விட வேண்டும். அவர் மாப்பிள்ளை வீடு. பஜ்ஜியும் சாப்பிட்டாயிற்று. எடுத்துக்கொண்டு போக அவருக்குத்தான் உரிமை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார். "சரி டீச்சர். போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கினார்.

இந்த வாக்கியத்தை நான் இருபத்தாறு வயதில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று குடும்பமும் கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். ஒருவர் கூடப் போய்க் கலந்து பேசவில்லை. கேமரா எனக்கே என்று ஆகிவிட்டது, நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் என் கேமராவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் கீழே ஓடினேன். இருவரும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"என் கேமராவுக்கு என்ன சார் குறை?"

"டீச்சர், குறையே இல்ல. நான் உங்களுக்கு விட்டுட்டுப் போறேன். புரியலையா?"

"நல்லாப் புரியுது. எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேணாம். மூணு ஓட்டைன்னு எண்ணினீங்களே, அதுக்காகத்தானே?"

"ஐயோ, இல்லங்க."

"யக்கா, இன்னா பிரச்சன?" என்றார் ஆட்டோக்காரர். "குடுக்கறதுன்னா குடு, பின்னால பஸ்ஸு வந்துகினு கீது."

கேமராவை அந்த அம்மாளின் மடியில் வைத்தேன். ஆட்டோ போய்விட்டது. நடுத்தெருவில் நின்றபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது. மாடியேறி வந்து மிச்ச மாவில் பஜ்ஜி போட்டேன்.

ஆனியில் அவர்கள் பூனா போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினோரு மணி ஆனது, போன் அடிக்கவில்லை. நானாகக் கூப்பிட ஒரு சண்டையும் கைவசம் இல்லை. கேமரா முழுசாகிவிட்டது, அது அவரிடம் இருக்கிறது, இனி என்ன பேசுவது? அடுத்த ஞாயிறும் அப்படியே. என் வீட்டுக்காரர் பதினோரு மணிக்குக் காபி கேட்டார். அவருக்குக் காபி கொடுத்தது போல் எனக்கு வேறெதுவும் கசக்கவில்லை. பீரோவில் காலியாக இருந்த இடத்தைவிட இந்தக் காலி பெரிதாக இருந்தது.

ஆடி பிறந்த முதல் வாரம், சனிக்கிழமை, ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அதே ரவிக்கைத் துணி. உள்ளே முதுகு. முதுகு மட்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'ஹேர் டிரையர் சூட்டில் நாலு நாளில் கழன்றது. ஆடி மாதம் அல்லவா, முறைப்படி பிரித்து வைத்திருக்கிறேன்.'

மறுநாள் ஞாயிறு. பதினோரு மணி ஆகும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பத்தரைக்கே போன் போட்டேன்.

"சார், ஆடிக்குப் பொண்ணத்தான் தாய்வீட்டுக்கு அனுப்புவாங்க. நீங்க மாப்பிள்ளைய அனுப்பியிருக்கீங்க."

"அப்படியா? தெரியாமப் போச்சே" என்றார், தெரிந்தே செய்தவர் குரலில்.

"உங்ககிட்ட இருக்கிற பெட்டி என்னுடையது."

"அப்படின்னா ஆவணியில நேர்ல வந்து முறைப்படி அழைச்சிட்டுப் போங்க. ஆனா அது ஜெர்மனிப் பொண்ணு டீச்சர், சொல்லிட்டேன்."

"இங்கிலாந்து."

முக்கால் மணி நேரம் பேசினோம். கடைசியில், மூன்று ஓட்டையையும் அடைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "ரெண்டு அடைச்சாச்சு. மூணாவதுக்குத் தாள் இல்ல. இங்க நம்ம காலண்டர் கிடைக்கல. வரும்போது ஒரு தாள் எடுத்துட்டு வாங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, சுவரிலிருந்த காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தேன். ஞாயிறு. சூலம் மேற்கு. பரிகாரம் வெல்லம். ரயிலுக்கு டிக்கெட் பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, டப்பாவில் வெல்லம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.